இரண்டு நகர்வில் மேட்

சிதம்பரம் தாண்டிட்டேன்மா, ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்னு சொல்லிட்டு என் பையன் வாசகன் ஃபோனை வச்சுட்டான். ஒரு மணி நேரம். கொள்ளிடம் பாலத்துல லாரி கீரி குறுக்கே நின்னா இன்னும் ஒரு கால் மணி கிடைக்கும். ஐயோ, என்ன நினைப்பு இது, பெத்த பிள்ளை வர்ற வழியில லாரி நிக்கணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். செஸ் பலகையைப் பாருடி தையல்நாயகி, பலகையைப் பாரு. வெள்ளை ஆட வேண்டும், இரண்டு நகர்வில் மேட். துண்டுப் பேப்பர்ல படத்துக்குக் கீழே பொடி எழுத்துல அவ்வளவுதான் போட்டிருக்கு. நாம ஒண்ணு வைக்கணும், அதுக்கு அவன் வேற வழியே இல்லாம ஒண்ணு வைக்கணும், அடுத்து நாம வைக்கிற காயில கறுப்பு ராஜா மாட்டிக்கிட்டு முழிக்கணும். கறுப்பு ராஜாங்கிறது இங்கே தைல பாட்டில் மூடி. நிஜ ராஜாவை நான்தான் பதினேழு வருஷத்துக்கு முன்னாடி கொல்லைக் கிணத்துல போட்டேன். அன்னிக்கு என்ன சண்டைன்னு இப்ப ஞாபகம் இல்லை. போட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. இவர் ஒரு நாள் தேடினார், மறுநாள் மூடியை எடுத்து வச்சு ஆடினார், நீ பார்த்தியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்காததுல எனக்கு இன்னும் கோபம்தான். சரி, இப்ப அது எதுக்கு. ராணியைப் பாரு.

ராணியைக் கொண்டுபோய் ராஜா பக்கத்துலயே வைக்கிறேன். செக். ராஜா மூலையில நிக்கிறான், அவனால ராணியை வெட்ட முடியாது, நம்ம குதிரை காவலுக்கு இருக்கு. அப்ப அவன் யானைதான் வெட்டணும். வெட்டட்டும். இப்ப குதிரை துள்ளி உள்ளே வந்து செக். எங்கே போவான்? நேர் முன்னாடி அவனோட சிப்பாய் நிக்கிறான், பக்கத்துல அவனோட யானையே வந்து அடைச்சிருக்கு, குறுக்கால... குறுக்கால காலி. அந்த ஓட்டை வழியா போயிடுறான். சே. காலையில இருந்து நூறு தடவை இதே ஓட்டையில வந்து நிக்கிறேன். வேற பாரு. ராணியை நீளக் குறுக்குல கொண்டுவந்து தூரத்துல இருந்து செக் கொடுத்தா, கறுப்பு ராணி வந்து நடுவுல நிக்கிறா. குதிரையை முதல்ல விட்டா யானை வாயில போகுது. இவர் முகத்தைப் பார்க்கிறேன். ரெண்டு தலகாணியில சாய்ச்சு உட்கார வச்சிருக்கேன், மடியில தட்டு, தட்டு மேல பலகை, ரெண்டு ஜாண் கூட இருக்காது, அதனாலதான் கை எட்டுது. வலது பக்கம் முழுக்க விழுந்தாச்சு. இடது கை தட்டோட ஓரத்துல கிடக்கு. கண்ணு பலகை மேலதான் இருக்கு, ஆனா பலகையைப் பார்க்குதா, பலகை மேல விழற ஃபேன் நிழலைப் பார்க்குதான்னு எந்தச் சாமிக்குத் தெரியும்.

ரெண்டு மாசம் இருபது நாள். பல் தேய்ச்சுக்கிட்டு இருந்த மனுஷன் பிரஷ்ஷோட சரிஞ்சார். அன்னியில இருந்து ஒரு சொல் கிடையாது. தொண்டையில ஒரு சத்தம் மட்டும் வரும், அது பசிக்கா வலிக்கான்னு நானா அர்த்தம் பண்ணிக்கணும். தஞ்சாவூர்ல டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்தார். கண்ணை மூடுங்கன்னார், இவர் மூடலை. கையைத் தூக்குங்கன்னார், தூக்கலை. நாம பேசுறது எதுவும் உள்ளே போகலைம்மான்னு என்கிட்ட மெதுவா சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துது. முப்பத்தெட்டு வருஷமா இந்த மனுஷன் ஒருத்தர் சொல்லி எதை உடனே செஞ்சிருக்கார், நீங்க ஒரு தடவை சொல்லிட்டு முடிவு கட்டுறீங்களேன்னு கேட்க நினைச்சேன். கேட்கலை. வாசகன் என் தோளைப் பிடிச்சு வெளியே கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அவன் முகத்துல அன்னிக்கே முடிவு தெரிஞ்சுது.

அவனையும் திட்ட முடியலை. போன வாரம் இவரைத் தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். நான் கீழே, இவர் மேலே. தண்ணிக் குழாய் திறந்து கிடக்கு, தண்ணி ஓடுது, என்னால நகர முடியலை, பக்கத்து வீட்டுக் கலாமணி வந்து கதவைத் தட்டுற வரைக்கும் முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தோம். வாசகன்கிட்ட சொல்லாதேன்னு அவகிட்ட சொன்னேன், அவ அன்னிக்கே சொல்லிட்டா. உடனே ஃபோன். அம்மா, உன் இடுப்பு போச்சுன்னா ரெண்டு பேரையும் யாரு பார்க்கிறது, திருவான்மியூர்ல ஒரு முதியோர் இல்லத்தை நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன், சுத்தமா இருக்கு, நர்ஸ் இருக்காங்க, நீ என்கூட இரு, வாரத்துக்கு ரெண்டு நாள் போய்ப் பார்க்கலாம். அவன் சொல்றதுல ஒரு தப்பும் இல்லை. அப்பாவுக்கு நீ யாருன்னு தெரிஞ்சா நான் வாயைத் திறக்க மாட்டேன்மான்னான். அப்புறம் குரலை இறக்கி, அப்பா அங்கே இல்லைம்மான்னு சொன்னான். அதைத்தான் என்னால தாங்க முடியலை. இருக்கார்டான்னு கத்தினேன். எப்படித் தெரியும்னு கேட்டான். போன அமாவாசைக்கு முதநாள், நான் பலகையில புதிர் ஒண்ணு அடுக்கி வச்சேன், வெள்ளை யானையை அவரே விரலால தள்ளி மேட் வச்சார்னு சொன்னேன். யாரும்மா பார்த்தாங்கன்னான். நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன்.  அப்புறம், சரி, வியாழக்கிழமை வரேன், என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு காயைச் சரியா நகர்த்தட்டும், நகர்த்திட்டா இந்தப் பேச்சையே விட்டுடுறேன்னான். நகர்த்தலைன்னா நீ மறுபேச்சு பேசக் கூடாதுன்னும் சொன்னான். நான் சரின்னுட்டேன். என் வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இன்னிக்கு வியாழன். இவரோட பழைய நோட்டுல இருந்து இந்தப் புதிரைப் பொறுக்கிப் பிச்சு எடுத்தது நான்தான். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வர்றதை எல்லாம் இவர் வெட்டி ஒட்டி வச்சிருக்கார், நோட்டு நோட்டா. விடையை மட்டும் ஒட்ட மாட்டார். எழுதியும் வைக்க மாட்டார். விடை மண்டையில இருந்தா போதும்னு நினைப்பு. மண்டையில இருக்கிறதை இப்ப யாரு எடுக்கிறது, சொல்லுங்க பார்ப்போம். கம்மியா காய் இருக்கேன்னு இதை எடுத்தேன், ரெண்டு நகர்வு தானேன்னு எடுத்தேன், நேத்து சாயந்திரம் அடுப்புல பாலை வச்சுட்டு அவசர அவசரமா அடுக்கினேன். அடுக்கினதுல இருந்து இவர் ஒரு காயையும் தொடலை. நேத்து ராத்திரி தொடலை, காலையில இட்லியைக் கரைச்சுக் கொடுத்துட்டு வச்சேன், தொடலை. அதனால ஒரு திருட்டுத்தனம் யோசிச்சு வச்சிருக்கேன். விடையை நானே கண்டுபிடிச்சுடணும். வாசகன் வந்து உட்கார்ந்ததும், கை நடுங்குதுடா, தாங்கிப் பிடிச்சுக்கிறேன்னு சொல்லி இவர் மணிக்கட்டைப் பிடிக்கணும். பிடிச்சு, சரியான காய் மேல விரலைக் கொண்டுபோய் வச்சு லேசா ஒரு தள்ளு. அவ்வளவுதான். தப்புன்னு தெரியுது. தெரிஞ்சு என்ன பண்றது. அதுக்கும் முதல்ல விடை வேணுமே. ரெண்டு மாசமா ஃபோன்ல ஒரு பொண்ணு நடத்துற பாடத்தைக் கேட்டுக் கேட்டு இந்த எழவைக் கத்துக்கிட்டேன், அறுபத்திரெண்டு வயசுல, அதுவும் எனக்கு ஜென்மத்துக்கும் பிடிக்காத ஒரு விளையாட்டை.

பிடிக்காதுன்னா சும்மா இல்லை, வெறுப்பு. கல்யாணம் ஆகி வந்த மறுநாள் காபியைக் கொண்டுபோய் வச்சேன், நிமிரலை. அன்னியில இருந்து தினம் ஆபீஸ் கிளம்புற வரைக்கும் இந்தப் பலகைதான். சர்வே ஆபீஸ்ல ஊர் நிலத்தை எல்லாம் சங்கிலி போட்டு அளந்துட்டு வருவார், வந்து மறுபடி கட்டம். வாசகன் பிறக்குறதுக்கு எனக்கு வலி எடுத்தப்ப, ஏங்கன்னு கூப்பிட்டேன், இதோன்னார். அந்த இதோ எவ்வளவு நேரம்னு நான் எண்ணிக்கிட்டு இருந்தேன், மூணு வலி வந்து போச்சு. அப்புறம் எழுந்து ஓடினார், வண்டி பிடிச்சார், என்னைத் தூக்கினார், ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அழுதார்னு அவங்க அக்கா சொன்னாங்க. அழுததை நான் பார்க்கலை, மூணு வலியைத்தான் பார்த்தேன். பலகையைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்கன்னு எத்தனை தடவை மனசுக்குள்ள சொல்லியிருப்பேன். இப்ப பாருங்க என் நிலைமையை, பலகையைப் பாருங்கன்னு கெஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஏங்க, இங்கே பாருங்க, வெள்ளை ஆடணும், ரெண்டே நகர்வு. ஏங்க.

ஃபோன் அடிக்குது. சீர்காழி வந்துட்டானாம். டீ குடிச்சுட்டு வரானாம். குடிடா, ரெண்டு டீயா குடி.  ராணி, யானை, குதிரை, ஓட்டை. ராணி, யானை, குதிரை, ஓட்டை. அந்த ஓட்டையை மட்டும் யாராவது அடைச்சா முடிஞ்சுது. உண்மையைச் சொன்னா, ஒரு நிமிஷம் எனக்கு அப்படியும் தோணுச்சு, விடு, கூட்டிக்கிட்டுப் போகட்டும், நீ ஒரு ராத்திரி முழுசா தூங்குன்னு. முந்தாநாள் மூத்திரத் துணியை அலசுறப்ப தோணுச்சு. தோணினதும் கையைக் கழுவாமலே ஓடிவந்து இவரைப் பார்த்தேன், என்னமோ அவர் காதுல விழுந்துட்ட மாதிரி. விழுந்திருந்தா? அதுதான் என் பயமே. உள்ளே ஒண்ணுமில்லைன்னா திருவான்மியூர் என்ன, திருவாரூர் என்ன, எங்கே படுத்தாலும் ஒண்ணுதான். ஆனா எல்லாம் புரிஞ்சு, காது கேட்டு, வாய் மட்டும் வராம, அங்கே ஒரு சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தார்னா? யாரோ ஒருத்தி வந்து, தாத்தா வாயைத் திறங்கன்னு சொல்லி, கஞ்சியை ஊத்தித் துடைச்சுட்டுப் போவா. இவர் உள்ளே இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருப்பார், என் பொண்டாட்டி எங்கேன்னு கேட்கக்கூட வழியில்லாம.  அதை இன்னும் வாசகன்கிட்ட சொல்லத் தெரியலை.

விரல் நகருது. ஐயோ, நகருது. இடது கை ஆள்காட்டி விரல், தட்டோட ஓரத்துல இருந்து எழும்பி, நடுங்கிக்கிட்டே பலகை மேல போகுது. மூச்சு விடாதே, தொடாதே, சும்மா இரு. ராணிகிட்ட போகுது. ராணியைத் தாண்டிப் போகுது. சரி, குதிரைதான் போல, குதிரையா முதல்ல? குதிரையையும் தொடலை. கறுப்புச் சிப்பாய் தலையில விரலை வச்சு ஒரு தள்ளு தள்ளினார். முன்னால இல்லை, பின்னால. அந்தச் சிப்பாய் நம்மளைப் பார்த்து இறங்கி வரவேண்டியவன், அவனை அவன் ராஜா பக்கமே ஒரு கட்டம் திருப்பித் தள்ளிட்டார். கை வழுக்கிடுச்சு. அப்படித்தான் இருக்கும். எடுத்துப் பழைய இடத்துல வச்சேன். ஏங்க, அது அவன் காய்ங்க, நம்மது வெள்ளைன்னு பொறுமையாச் சொன்னேன். விரல் அங்கேயே நின்னுது. மறுபடி அதே சிப்பாய், மறுபடி பின்னால. நான் மறுபடி எடுத்து வச்சேன். இந்தத் தடவை பொறுமை இல்லை. வெள்ளைதாங்க ஆடணும், சிப்பாய் பின்னால போகாதுங்க, உலகத்துல எந்தச் சிப்பாயும் பின்னால போக மாட்டான், இது முதல் நாள் பாடம், எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கலை. தொண்டையில அந்தச் சத்தம் வந்துது. மூணாவது தடவையும் விரல் எழுந்து, அதே சிப்பாயை, அதே மாதிரி, பின்னால தள்ளுச்சு.

அப்ப எனக்கு உள்ளே எல்லாம் அடங்கிப் போச்சு. காலையில இருந்து படபடன்னு இருந்தது சட்டுனு நின்னுது. ஐம்பது வருஷம் ஆடின கை. எந்தக் காய் யாருதுன்னு தெரியலை, சிப்பாய் எந்தப் பக்கம் போவான்னு தெரியலை. வாசகன் சொன்னது சரி. டாக்டர் சொன்னது சரி. அமாவாசைக்கு முதநாள் நான் பார்த்தது கை வழுக்கினது, நானா மேட்னு சொல்லிக்கிட்டேன். இத்தனை நாளா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்? சாம்பார்ல உப்பு சரியான்னு கேட்டேனே, மழை வருதுங்கன்னு சொன்னேனே, அதெல்லாம் யாருக்கு? அழுகை வரலை. வாசகன் வந்து பார்த்து, அப்பா இப்படிப் பண்றாரேன்னு பாவமா என்னைப் பார்க்கிறதுக்குள்ள எடுத்து வச்சுடணும்னு மட்டும் தோணுச்சு. அவன் கேட்டா, ஆமாண்டா நீ சொன்னதுதான் சரின்னு சொல்லிடலாம். என் மடியில இருந்த துண்டுப் பேப்பரை எடுத்தேன், நோட்டுக்குள்ள பத்திரமா வைக்க.

வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை பார்த்தேன். எதுக்குப் பார்த்தேன்னு தெரியலை. வெள்ளை ராணி, சரி. குதிரை, சரி. மூலையில ராஜா, பக்கத்துல யானை. ராஜாவுக்கு முன்னாடி ரெண்டு சிப்பாய், ஜோடியா, ஒட்டி ஒட்டி, ஒரே வரிசையில. ஒரே வரிசையில. பலகையைப் பார்த்தேன். இவர் மூணாவது தடவை தள்ளிவிட்ட சிப்பாய், ஜோடியா, ஒட்டி, அதே வரிசையில நிக்கிறான். நேத்து பால் பொங்கிடுமேன்னு அடுக்குறப்ப நான்தான் அவனை ஒரு கட்டம் தள்ளி முன்னால வச்சிருக்கேன். ஓட்டையைப் போட்டதே நான்தான். ராணியைப் பக்கத்துல வை, யானை வெட்டும், குதிரை உள்ளே வரும், ராஜாவுக்குப் போக ஒரு இடம் கிடையாது, மேட். மேட் இல்லாத பலகையைக் கொண்டுவந்து வச்சுட்டு, மேட் வைங்க, மேட் வைங்கன்னு நேத்துல இருந்து இவர் உயிரை எடுத்திருக்கேன். இவர் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். பேப்பரைக்கூடப் பார்க்கலை. எப்பவோ ஒட்டி வச்ச புதிர், எந்தச் சிப்பாய் எங்கே நிக்கணும்னு தெரிஞ்சிருக்கு. நான் மூணு தடவை சத்தம் போட்டும் விடாம, மூணு தடவை சரி பண்ணியிருக்கார். ஏங்கன்னேன்.  இருக்கீங்களான்னு கேட்டேன். அவர் பலகையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார்.

கீழே ஹாரன். கார் கதவு சாத்துற சத்தம். வந்துட்டான், ரெண்டு டீ குடிக்கலை. இப்ப என்ன பண்றது? நானே சொன்னா நம்புவானா? அம்மா, நீயா சொல்லிக்கிறேன்னு சொல்வான். அவன் கண்ணால பார்க்கணும். மறுபடி தப்பா வச்சுடுவோம். ஆமா, சிப்பாயை எடுத்து அந்தத் தப்பு இடத்துலயே வச்சுட்டு, பேப்பரை வாசகன் கையில கொடுத்து, நீயே பார்த்துக்கோடா, உங்க அப்பா என்ன பண்றார்னு பாருன்னு சொல்லிடலாம். நாலாவது தடவையும் தள்ளுவார். தள்ளாம எங்கே போவார். மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்குது. சிப்பாயை எடுக்கக் கையை நீட்டினேன். விரல்ல பிடிச்சுட்டேன். எடுக்க முடியலை. என் கை மேல இவர் கை இருக்கு. இடது கை முழுசும், அஞ்சு விரலும், என் கையை அப்படியே பலகையோட அமுக்கிப் பிடிச்சிருக்கு. விடுங்க, வாசகன் வரான், விடுங்கன்னேன். அமுக்கினார். இழுத்துப் பார்த்தேன். என்ன பலம் இந்தக் கைக்கு. இழுக்க இழுக்க இறுக்கினார். நிமிர்ந்து பார்த்தா இவர் பலகையைப் பார்க்கலை, என்னைப் பார்க்கிறார், நல்லா கோபமா.

வாசகன் கதவுகிட்டேயே நின்னுட்டான். கையில பை, கார் சாவி. என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்னு கேட்டான். நான் கையை இழுக்கிறதை நிறுத்திட்டேன். கண்ணுல இருந்து தண்ணி அதுபாட்டுக்குப் பலகை மேல கொட்டுது, துடைக்க இன்னொரு கை இருக்குங்கிறதே மறந்துபோச்சு.

"தப்பா வைக்கப் பார்த்தேன்டா"ன்னேன். "விட மாட்டேங்கறார்."